காரம் படக் கூடாது

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னோடு லேபில் வேலை பார்த்த முரளி இப்போது ஸ்ரீசிட்டியில் புண்ணுக்குப் போடும் கட்டுகள் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கவரின் படத்தை அனுப்பினான். உள்ளே இருக்கப்போவது கைட்டோசான் படலம். ஆறாத புண்ணின் மேல் ஒட்டுவது. கவரின் பின்பக்கம் ஆங்கிலம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் எச்சரிக்கைகள். தமிழைச் சரிபார்க்க அங்கே ஆள் இல்லையாம். "அக்கா, மீரு ஒக்கசாரி சூடண்டி. ஒருவாட்டி பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க" என்றான்.

தமிழில் கடைசி வரி: "காரம் படக் கூடாது."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்து, அந்தச் சொல்லை மாற்றச் சொல்லி எழுதினேன். உடனே கூப்பிட்டான். "ஏன் அக்கா? அல்கலிக்குத் தமிழ்ல காரம்தானே? டிக்‌ஷனரியில பாத்துட்டேன். வேணாம்னா காரணம் எழுதிக் குடுங்க, மேனேஜர்கிட்ட காட்டறேன்" என்றான்.

அந்தக் காரணத்தைத்தான் எழுதுகிறேன். ஒரு மேனேஜர் உட்கார்ந்து படிக்கிற நீளத்தில் இது வராது. வராவிட்டால் போகட்டும்.

நான் புத்தூர்க்காரி. பி.எஸ்ஸி. முடித்ததும் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கூழில் ஈஸ்ட் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்று எண்ணிச் சொல்வது வேலை. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும், தலையில் ஏறிய பழ வாசனை மட்டும் போகாது. கிருமியை எண்ணக் கற்றது அங்கேதான். பிறகு திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த லேபில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. ரிட்டயர் ஆகும் வரை புத்தூரில் ரயிலேறி, ரேணிகுண்டா வழியாகப் போய் வந்தேன்.

அந்த லேபின் தலைவர் வசந்தா மேடம். சித்தூர்த் தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மற்ற டாக்டர்கள் ஆசிட், அல்கலி என்பார்கள். இவர் புளிப்பு, காரம் என்பார். நாளடைவில் லேபில் எல்லாருமே அப்படித்தான் பேசினோம். தெலுங்குப் பிள்ளைகள்கூட "புளிப்பு எந்த உந்தி?", புளிப்பு எவ்வளவு இருக்கிறது, என்று கேட்டுக்கொண்டு திரிவார்கள்.

மேடம் கோபித்து யாரும் பார்த்ததில்லை. கோபித்திருந்தால் தேவலை. கேள்வி கேட்பார், அதுதான் தொல்லை. நான் சேர்ந்த புதிதில் கைட்டோசான் கரைசலைக் கிருமி வளர்க்கிற ஒரு பிளேட்டில் வைத்துச் சோதித்தேன். சுற்றிலும் கிருமி முளைக்காமல் பளிச்சென்று ஒரு வட்டம் வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். "கொன்னுடுச்சு மேடம்" என்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அழகா வந்திருக்கு. வெறும் புளிப்பு பிளேட் எங்க?"

"அது வைக்கலை மேடம்."

"அப்ப யாரு கொன்னதுன்னு எப்படித் தெரியும்? தூளா, தூளைக் கரைச்ச புளிப்பா?"

வெறும் அமிலத்தை மட்டும் வைத்துத் திரும்பச் செய்தேன். அதிலும் ஒரு வட்டம் வந்தது. முதலில் வந்ததைவிடச் சின்னது, ஆனால் வட்டம்தான். பெரிய வட்டத்தில் அதைக் கழித்ததுபோக மிச்சம்தான் கைட்டோசானின் வேலை. அன்றிலிருந்து "கொன்றது" என்ற வார்த்தையே எனக்குக் கூச்சமாகிவிட்டது. இப்போது கடைக்குப் போனால் கைட்டோசான் தெளித்த துணி, கைட்டோசான் பூசிய பழம், எல்லாவற்றிலும் "கிருமிகளைக் கொல்லும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எந்தக் கிருமியை, எந்தப் புளிப்பில் என்று கேட்க ஆள் இல்லை.

அது எப்படிப்பட்ட பொருள் என்று சொன்னால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். கடற்கரையிலிருந்து மூட்டையில் இறால் ஓடு வரும். அதை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கழன்றுவிடும். காஸ்டிக் சோடாவில் போட்டால் ஒட்டியிருக்கிற சதை கழன்றுவிடும். மறுபடி கெட்டியான காஸ்டிக்கில் வேக வைத்துக் கழுவிக் காயப்போட்டால் கிடைக்கும் வெளிறிய செதில்தான் கைட்டோசான். அந்த நாற்றத்தோடு ரயிலேறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். செதில் வெறும் தண்ணீரில் கரையாது. நீர்த்த அமிலத்தில் சிறுகச் சிறுகத் தூவிச் சுழல விட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் கட்டி தட்டிப்போகும். கஞ்சிப் பதத்துக்கு வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, குமிழி இல்லாமல் தட்டில் ஊற்றிக் காய வைத்து உரித்தால் கண்ணாடித்தாள் போல ஒரு படலம் வரும். அதுதான் புண்ணுக்கு.

புளிப்பு இருக்கும் வரை கைட்டோசானின் மேல் நேர் மின்சுமை இருக்கும். கிருமியின் தோலில் இருப்பது எதிர் மின்சுமை. வேட்டியில் நாயுருவி ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் தோல் பழுதாகி உள்ளே இருப்பது கசிந்து கிருமி சாகும். புளிப்பு போனால் மின்சுமையும் போய்விடும். அப்புறம் அது வெறும் தாள்.

அதுவும் இத்தோடு முடியாது. மூலக்கூறு ரொம்ப நீளமா, குட்டையா என்பதைப் பொறுத்து மாறும். காஸ்டிக்கில் எவ்வளவு நன்றாக வெந்தது என்பதைப் பொறுத்து மாறும். ஒரு கிருமி லேசில் மடங்கும், இன்னொன்று மசியாது. உப்பு இருந்தால் வேகம் குறையும். சீழும் ரத்தமும் இருந்தால் கைட்டோசான் அவற்றோடு ஒட்டிக்கொண்டு கிருமியை விட்டுவிடும். புண்ணில் உப்பும் சீழும் ரத்தமும்தானே இருக்கின்றன! போதாததற்கு ஆறாத புண் தானாகவே காரப் பக்கம் சாயும். அதனால் மேடம் படலத்திலேயே கொஞ்சம் புளிப்பு மிச்சம் நிற்கும்படி செய்முறையை மாற்றி மாற்றிப் பார்த்தார். பல வருடம் அதுதான் எங்கள் பிழைப்பு.

ஒருமுறை தொடர்ந்து படலங்கள் தோற்றுக்கொண்டே வந்தன. தூளை மாற்றினோம், அமிலத்தை மாற்றினோம். கடைசியில் பார்த்தால், தட்டு பளபளவென்று இருக்கட்டும் என்று எங்கள் அட்டெண்டர் அம்மா சலவைச் சோடா போட்டுக் கழுவியிருக்கிறார். நன்றாக அலசாத தட்டில் மிஞ்சிய சோடா படலத்தைக் கெடுத்துவிட்டது. மேடம் அவரைத் திட்டவில்லை. "இனிமே லேபுக்குள்ள சோடா வரக் கூடாது. காரம் பட்டா நம்ம உழைப்பு போச்சு" என்றார். சோடாவை லேபிலிருந்து துரத்திவிட்டோம். உலகத்திலிருந்தே துரத்திவிட்டதாக நினைத்துக்கொண்டோம் போல.

நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி வந்தபோது வந்தவர்களில் ஒருவர் ஏழுமலை. நகரியில் பவர்லூம் ஓட்டுபவர். தறியிலிருந்து எகிறி விழுந்த நாடா, ஊடு நூலை இழுத்து ஓடுகிற கூர்முனைக் கட்டை, பாதத்தின் ஓரத்தைக் குத்தியிருக்கிறது. சுகர்க்காரர், பாதத்தில் உணர்ச்சி குறைவு. செருப்பில் ரத்தம் காய்ந்து ஒட்டிய பிறகுதான் கவனித்தாராம். மனைவி கன்னியம்மா சாயப் பட்டறையில் நூல் வெளுக்கிறவர். ஏழுமலை நின்றால்தான் தறி ஓடும். தறி நான்குக்கும் நடுவில் காலை முதல் இருட்டும் வரை நடக்கிற கால் அது.

"காலு நிக்குமா மேடம்? அத மட்டும் சொல்லு" என்று கன்னியம்மா கேட்டார். மேடம் வாக்குக் கொடுக்கிறவர் இல்லை. "முயற்சி பண்றோம்மா" என்றார்.

சர்ஜன் புண்ணைச் சுத்தம் செய்தார். நான் படலத்தை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். மேடமே குனிந்து ஒட்டினார். பிறகு கன்னியம்மாவிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "வாரம் ஒரு தடவை இங்க வாங்க. நடுவுல நீங்களே மாத்தணும். காய்ச்சி ஆறின தண்ணியில கழுவுங்க, ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு இதை வைங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம். காரம் படக் கூடாது. காரம் பட்டா இது வேலையே செய்யாது."

"இனிமே வூட்ல காரமே கெடையாது மேடம்" என்றார் கன்னியம்மா. ஏழுமலை முகத்தைச் சுளித்தார். எல்லாரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இதற்கு மேல் எங்கள் பக்கத்து ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீசிட்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். நகரியில் காரம் என்றால் மிளகாய். தெலுங்கில் கேட்டாலும் மிளகாய்த்தூள்தான். "படக் கூடாது" என்பதும் இங்கே தொடக் கூடாது என்று மட்டும் காதில் விழாது. தெலுங்கில் ஒரு பண்டம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் "படது" என்பார்கள். எங்கள் பேச்சிலும் அது கலந்துவிட்டது. "எனக்குக் கத்திரிக்கா படாது" என்றால் அரிக்கும் என்று அர்த்தம். ஆக, மேடம் சொன்னது சுத்தமான பாடப்புத்தகத் தமிழ். கன்னியம்மா கேட்டது சுத்தமான நகரித் தமிழ். இரண்டிலும் பிழை இல்லை.

முதல் வாரம் புண் சிவந்து நன்றாக இருந்தது. அப்புறம் விளிம்பு வெளுத்தது, பிறகு பச்சை நீர் கசிய ஆரம்பித்தது. பஞ்சில் எடுத்து வந்து பிளேட்டில் தேய்த்தால் கிருமி மொத்தமாகப் படர்ந்தது. அவருக்குக் கொடுத்ததோடு சேர்த்துச் செய்ததில் மிச்சமிருந்த படலங்களைச் சோதித்தேன். ஒழுங்காக வேலை செய்தன. லேபில் வேலை செய்கிற படலம் காலில் ஏன் செய்யவில்லை? மேடம் சரியாகச் சாப்பிடவில்லை. காஸ்டிக் வேக்காட்டைச் சந்தேகப்பட்டார், கிருமியின் வகையைச் சந்தேகப்பட்டார், என்னைக்கூட ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்தார். சர்ஜன் மருந்துகளை மாற்றிப் பார்த்தார். அதற்குள் எலும்பு வரை போய்விட்டது.

"காலு தீசேய்யாலி" என்றார் சர்ஜன். காலை எடுக்க வேண்டும். கன்னியம்மாவுக்குத் தெலுங்கு புரியாதா என்ன? சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

ஆபரேஷனுக்கு முன் அந்தப் புண்ணின் கசிவில் புளிப்பு பார்க்கும் தாளை வைத்தேன். மஞ்சள் தாள் கரும்பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போனது. எந்தப் புண்ணும் தானாக அவ்வளவு காரமாகாது. நேராக மேடத்திடம் காட்டினேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"வீட்டுல புண்ணை எதுல கழுவினீங்க?"

"சோடாத் தண்ணியிலதான் மேடம்" என்றார் கன்னியம்மா. "வெறுந் தண்ணியில அழுக்கு போவுமா? பட்டறையில கீற சோடாவ வெதுவெதுன்னு கலக்கி, காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. நூலே வெளுத்துப் போவுதே, புண்ணு வெளுக்காதா?"

மேடம் மெதுவாகக் கேட்டார். "காரம் படக் கூடாதுன்னு சொன்னேனே."

கன்னியம்மா அழுதுவிட்டார். "ஐயோ மேடம், சத்தியமா ஒரு மொளகா கிள்ளிப் போட்டதில்ல. கொழம்பு வெறும் புளித்தண்ணி. அவரு துன்னாததை நா மட்டும் துன்றதான்னு நானும் துன்னல. நீ சொன்னதுலருந்து வூட்ல மொளகா டப்பாவே கெடையாது." பிறகு கட்டிலில் கிடந்தவரைக் காட்டினார். "இந்தாளுதான்... நகரி பஸ் ஸ்டாண்டாண்ட மொளகா பஜ்ஜி துன்னுட்டு வந்துச்சு. வாய மோந்து பாத்துக் கண்டுபுடிச்சேன். அதான் காலு போவுது."

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா மேடம். ஒன்னே ஒன்னு துன்னேன்" என்றார்.

மேடம் கையிலிருந்த நீலத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். லேபுக்குத் திரும்பிவிட்டார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் மேடம் சொல்லிவிடுவது என்று கிளம்பி வார்டு வாசல் வரை போவார், திரும்பி வருவார். கூடவே போனதால் எனக்குத் தெரியும். ஒருநாள் படிக்கட்டில் நின்று சொன்னார். "சொன்னா அவ கையாலதான் போச்சுன்னு ஆகும். சொல்லலைன்னா அவன் ஆயுசுக்கும் பஜ்ஜியைச் சுமக்கணும்." சர்ஜனோ ரத்த ஓட்டம் முன்பே மோசம், சோடா இல்லாவிட்டாலும் கால் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அதுவும் உண்மைதான். வெறும் புளிப்பு பிளேட்டை வைத்துக் கழித்துப் பார்ப்பதுபோல ஒரு மனுஷன் காலைக் கழித்துப் பார்க்க முடியுமா? இன்னொரு ஏழுமலையைச் சோடா இல்லாமல் நிறுத்திப் பார்க்க முடியுமா? எந்தக் காரணியால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த எங்களுக்கு, இந்த ஒரு கால் எதனால் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிப் போனார்கள். நாங்கள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேடம் காரம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. மற்ற நோயாளிகளிடம் சோப்பு, சோடா, சாம்பல், சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூடாது என்றார். கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. லேபின் அந்தப் பகுதியை மூடினார்கள். மேடம் ரிட்டயர் ஆகி சித்தூருக்குப் போய், அதிக நாள் இருக்கவில்லை. அவர் படாதபாடு பட்டுக் கற்றுக்கொண்ட அந்த நாலு வார்த்தையும் அவரோடு போய்விட்டன. இல்லாவிட்டால் முரளியின் கவரில் அந்தப் பழைய வரி மறுபடி ஏன் முளைக்கிறது? அவனும் அதே லேபில் வேலை பார்த்தவன்தான், ஏழுமலை வந்துபோன பிறகு சேர்ந்தவன்.

இதைப் பாதி எழுதியிருக்கும்போது முரளியிடமிருந்து தகவல் வந்தது. "அக்கா, கவர் அச்சாகிப் போச்சு. அடுத்த லாட்டுல பாக்கலாம். ஸாரி." கீழே கும்பிடுகிற கை ஒன்று. எழுதியதைக் கிழித்துப் போடத்தான் தோன்றியது. யாருக்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் நிறுத்தினால் எனக்குத் தூக்கம் வராது.

போன மாதம் நகரியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து விசாரித்துக்கொண்டே ஏழுமலை வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். ஏழுமலை உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாவுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செயற்கைக் கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. இருவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். மேடம் இறந்துபோனதைச் சொன்னதும் கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மகராசி, எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்துச்சு" என்றார்.

சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் விடவில்லை. தட்டில் சோறும் குழம்பும் வைத்தார். வாயில் வைத்தேன். வெறும் புளித்தண்ணி.

"இன்னும் காரம் சேக்கறதில்லையா?"

"எப்பிடி சேக்கறது? மேடம் அவ்ளோ சொல்லிச்சே" என்றார் கன்னியம்மா. "இன்னொரு காலு கீதுல்ல?"

அந்த இன்னொரு காலை அப்போதுதான் பார்த்தேன். கட்டைவிரல் பக்கத்தில் புதிதாக ஒரு வெடிப்பு. கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், பால் கலந்ததுபோல. நான் பார்ப்பதைக் கவனித்து கன்னியம்மாவே சொன்னார். "சும்மா வுட்றதில்லக்கா. ரெண்டு வேளையும் சோடாத் தண்ணியில கழுவிக்கினுதான் இருக்கேன்."

தட்டைக் கீழே வைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தோமே, அதன் பலன் இந்த டப். இப்போதும் மூடிக்கொள்ளலாம். மூடினால் இந்தக் காலும் போகும்.

"சோடா வேணாம் கன்னியம்மா. வெறும் தண்ணி போதும்" என்றேன்.

"ஏன்? சோடா இன்னா பண்ணுது?"

வேறு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். தோலை அரிக்கும் என்றிருக்கலாம். ஆயுசு முழுக்க லேபில் பேசிய நாக்கு, அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அதுதான் காரம்."

கன்னியம்மா என்னைப் பார்த்தார், டப்பைப் பார்த்தார். நூல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப பஜ்ஜி இல்லியா?" என்றார் ஏழுமலை. அவர் குரலில் இருந்ததை என்னவென்று எழுதுவேன்? இத்தனை வருடம் சுமந்ததை யாரோ இறக்கி வைத்தால் வருகிற குரல் அது. சொன்ன கையோடு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பஜ்ஜிதான்மா" என்றார் அவசரமாக. "இந்த மேடத்துக்கு இன்னா தெரியும்? அன்னிக்கி ஒன்னுன்னு சொன்னது பொய்யி. நாலு துன்னேன். கார சட்னி தொட்டுக்கினு நாலு துன்னேன். கேட்டியா கன்னியம்மா? நாலு."

கன்னியம்மா டப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். திரும்பி வரவில்லை. வாசலிலேயே தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏழுமலை தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலு துன்னேம்மா. நாலு."